கண்ணுக்குக் கீழே

பழுப்புக் காகிதத்தை ஓரத்திலிருந்து கிழித்துக்கொண்டிருந்தான். ஒட்டுநாடாவை நான்கு பக்கமும் இறுக்கமாகச் சுற்றியிருந்தார்கள். கத்தரிக்கோல் எந்த இழுப்பறையில் இருக்கிறது என்று கேட்கத் திரும்பினான். கேட்க வேண்டிய ஆள் இல்லை என்பது திரும்பிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. நகத்தால் கிழித்தான்.

காகிதம் விலகியதும் முதலில் சட்டம் தெரிந்தது. பிறகு கண்ணாடி. பிறகு ஒரு பெண்.

"ராத்திரியே உக்காந்து பண்ணிருக்காங்கடா," என்றான் அண்ணன், காதில் செல்போனோடு. "பாரு, எவ்ளோ தெளிவா இருக்கு." பிறகு போனில், "இல்ல இல்ல, உங்கள சொல்லல. வண்டி எத்தனை மணிக்குக் கிளம்புது, அத மட்டும் சொல்லுங்க."

தலைமுடி அவன் மனைவியுடையது. வகிடு அவளுடையது. அந்த நீலச் சட்டை இப்போதும் உள்ளறைக் கொடியில் தொங்குகிறது. ஆனாலும், பேருந்தில் யாரோ கையசைக்க, பதிலுக்குக் கையைத் தூக்கிய பிறகு அது தெரிந்தவர் இல்லை என்று கண்டுகொள்வதுபோல் இருந்தது.

நேற்று மாலை ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். காய்ச்சல் என்று போனது. நுரையீரலில் இறங்கியது. பிறகு மருத்துவர்கள் நீளமான சொற்களைச் சொன்னார்கள். அவன் அறிவியல் படித்தவன். எல்லாச் சொற்களும் புரிந்தன. புரிந்ததால் எதுவும் மாறவில்லை. மதியம் உடல் வீட்டுக்கு வரும். மூன்று மணிக்குத் தகனம். அதற்குள் உடலின் தலைமாட்டில் வைக்க ஒரு படம் வேண்டும் என்று அண்ணன்தான் அவள் வேலை பார்த்த ஸ்டுடியோவுக்குச் சொல்லியிருந்தான்.

கீழ்வீட்டிலிருந்து நாற்காலிகள் வந்திருந்தன. அவற்றில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து வந்து படத்தைப் பார்த்தார்கள்.

"மகாலட்சுமி மாதிரி இருக்கு," என்றாள் கீழ்வீட்டு அக்கா. "சினிமாக்காரி கெட்டா போ." சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவன் படத்தைச் சோபாவில் சாய்த்து வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போனான். அப்போதுதான் தெரிந்தது. கண்ணுக்குக் கீழே ஒன்றுமில்லை. கழுவிக் கவிழ்த்த தட்டுபோல் துப்புரவாக இருந்தது.

"இது வேண்டாம்," என்றான்.

"என்னது வேண்டாம்?"

"இந்தப் படம்."

அண்ணன் செல்போனைக் காதிலிருந்து எடுத்தான். தம்பி பேசுவதற்காகக் காலையிலிருந்து காத்திருந்தவன்; பேசியது இதுவாக இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. "டேய், சட்டம் போட்டு வந்தாச்சு. இப்ப போய் என்ன பண்ண முடியும்? படத்துல என்னடா குறை?"

"கண்ணுக்குக் கீழ இல்ல."

"என்ன இல்ல?"

அதற்கு ஒரு சொல் அவனிடம் இல்லை. கருவளையம் என்பது விளம்பரத்தில் வரும் சொல். வீட்டில் அதை யாரும் அப்படிச் சொன்னதில்லை. எப்படியும் சொன்னதில்லை. அது அவள் முகத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மாமியார் எழுந்தார். விடியற்காலை பேருந்தில் வந்து இறங்கியவர். மகளைப் பிணவறையில் பார்த்துவிட்டு வந்து, அந்த நாற்காலியில் உட்கார்ந்து, யாருடைய தோளிலும் சாயாமல் இருந்தார். கட்டிப்பிடிக்க வந்த இரண்டு பெண்களை, "உக்காருங்க, உக்காருங்க," என்று எதிரே உட்கார வைத்துவிட்டார். இப்போது படத்தின் முன்னால் வந்து நின்று, மூக்குக்கண்ணாடியைச் சற்றே தூக்கிப் பிடித்துக்கொண்டு பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

"நல்லாத்தானே இருக்கு. இப்படியே இருக்கட்டும் மாப்பிள்ளை."

"அத்தை, அவளுக்குக் கண்ணுக்குக் கீழ இருக்கும்ல."

"இருக்கும்."

"இதுல இல்ல."

"தெரியுது. அதான் சொல்றேன், இப்படியே இருக்கட்டும்னு."

அவன் சட்டத்தைத் தூக்கிக்கொண்டான். "ஸ்டுடியோ வரைக்கும் போயிட்டு வந்துடறேன்," என்று அண்ணனிடம் சொன்னான். அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். போன் மறுபடியும் அடித்தது.

படியிறங்கும்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அத்தை கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.

"நீங்க எதுக்கு அத்தை? வெயிலா இருக்கு."

"நீங்க பாட்டுக்கு எதையாவது மாத்திட்டு வந்துருவீங்க. அவ என் பொண்ணு."

தெருவில் வழக்கம்போல் போக்குவரத்து இருந்தது. அவன் படத்தைத் தன் நெஞ்சைப் பார்த்தபடி திருப்பிப் பிடித்துக்கொண்டான். அப்படியும் சாவிக்கடைக்காரர் எழுந்து நின்றார். அத்தை ஓரடி பின்னால் வந்தார். வெயிலுக்கு அவர் மூக்குக்கண்ணாடி கறுத்துக்கொண்டது.

"காலையில சாப்ட்டீங்களா?"

"தெரியல அத்தை."

"தெரியலன்னா சாப்பிடலன்னு அர்த்தம்."



ஸ்டுடியோவில் அன்று விடுமுறை. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனார்கள். கண்ணாடி அலமாரியில் மணமக்கள், பட்டம் வாங்கியவர்கள், ஓய்வுபெற்றவர்கள் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பெரும்பாலானவர்களின் கண்ணுக்குக் கீழே அவன் மனைவியின் கை பட்டிருக்கும். இந்த ஸ்டுடியோவில் படங்களைக் கணினியில் திருத்தும் வேலை பங்கு பிரித்துதான் நடக்கும். முடியும் பின்னணியும் ஒருவருக்கு. தோலும் பல்லும் ஒருவருக்கு. கண்ணும் அதைச் சுற்றிய இரண்டு விரல் இடமும் அவளுக்கு. அங்கே எல்லோரும் அவளைக் கண் டாக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஒருமுறை அவன் அவளை அழைத்துப்போக வந்தபோது, நிஜமாகவே கண்ணில் தூசி விழுந்த ஒரு வாடிக்கையாளர் அவளைத் தேடிக்கொண்டிருந்தார்.

தோலும் பல்லும் பார்ப்பவருக்குப் பவுடர் என்று பெயர். அவர் கை பட்டால் யாராக இருந்தாலும் பவுடர் போட்டதுபோல் ஆகிவிடுவார்கள். நாற்பத்தைந்து வயதிருக்கும். கணினியின் முன்னால் எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்தவர் இவர்களைப் பார்த்ததும் எழுந்தார். நாற்காலி பின்னால் ஓடியது.

"சார். வாங்க சார். அம்மாங்களா? வாங்கம்மா." கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் இருந்தார். "நான் வீட்டுக்கு வரணும்னுதான்... முதலாளி அங்க வந்துடுவாரு. நான் கிளம்பிட்டே இருந்தேன் சார்."

அவன் படத்தை மேசைமேல் வைத்தான். "கண்ணுக்குக் கீழ எடுத்துட்டீங்க."

பவுடர் படத்தைப் பார்த்தார். எட்டிக் குனிந்து மறுபடியும் பார்த்தார். தலையில் கைவைத்துக்கொண்டார்.

"அய்யோ. கை பாட்டுக்குப் போயிருச்சு சார். அழுதுட்டே பண்ணேன். மூஞ்சிய நான் பாக்கவே இல்ல. கோடு இருந்துச்சு, எடுத்தேன். நிழல் இருந்துச்சு, எடுத்தேன். இருபது வருஷக் கை சார், என்னைக் கேக்காது."

"பரவால்ல. பழைய படத்த எடுத்துப் போடுங்க."

பவுடர் மேசைமேல் இருந்த படத்தைச் சட்டை நுனியால் துடைத்தார்.

"ஒரிஜினல் இருக்கும்ல?"

"அதுக்கு மேலயே சேவ் பண்ணிட்டேன்."

அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்.

"காப்பி எடுத்து வச்சுட்டுக் கை வை, காப்பி எடுத்து வச்சுட்டுக் கை வைன்னு தினம் திட்டுவாங்க சார் என்னை. உங்க ஒருத்தருக்கே தனியா ஒரு போர்டு எழுதி மாட்டணும்னு சொல்வாங்க. சரி சரிம்பேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "புது லைட் வாங்குனப்ப, டெஸ்ட் பண்றதுக்கு யாரையாவது உக்கார வைக்கணும்ல, அவங்கள உக்கார வச்சு எடுத்தது இது. ஒரே ஒரு கிளிக். வேற எதுவும் இருக்கா சார் உங்ககிட்ட? வேற நல்ல படம்?"

வேறு படம் இருந்தால் ஸ்டுடியோவைக் கேட்டிருக்க வேண்டியதில்லை. கல்யாண ஆல்பத்தில் அலங்காரம் செய்த பெண் சுவருக்குப் பூசுவதுபோல் பூசியிருந்தாள். அதற்கு அடியில் என்ன இருந்தது என்று கேமராவுக்குத் தெரிய வழியில்லை. அவன் செல்போன் முகங்களைத் தானாகவே மெழுகிவிடும் வகை. அதை அவள் திட்டிக்கொண்டே இருந்தாள், அதன் முன் நிற்க மறுத்தாள். மீதி இருப்பவை ஆஸ்பத்திரியில் எடுத்தவை. சளிப் பரிசோதனை முடிவுகளுக்கும் மருந்துச் சீட்டுகளுக்கும் நடுவே அவை இருந்தன. அவற்றில் கண் முழுவதுமே குழியாக இருந்தது. அது காய்ச்சலின் நிழல். அவளுடையது இல்லை.

"போடத் தெரியாதா?" என்றான்.

"எதை சார்?"

"எடுத்ததைத் திரும்பப் போட."

பவுடர் அவனையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். "எடுக்கத்தான் சார் தெரியும். கன்னத்துல நல்ல தோலா பாத்து எடுத்து, கண்ணுக்குக் கீழ போடுவோம். அதான் தொழிலே. இப்ப எங்க இருந்து எடுத்து எங்க போடுறது? இது வரைக்கும் எவனும் வந்து, இன்னும் கொஞ்சம் கறுப்பு வைங்கன்னு கேட்டதில்ல." ஆனாலும் உட்கார்ந்துவிட்டார். "வாங்க, முயற்சி பண்ணுவோம். உக்காருங்க."

பக்கத்திலிருந்த நாற்காலியில் அவன் உட்கார்ந்தான். அது மிகவும் தாழ்வாக இருந்தது. முழங்கால்கள் மார்புக்கு வந்தன. அவளுடைய நாற்காலி என்று புரிய ஒரு கணம் ஆயிற்று. நெம்புகோலைத் தேடிக் கையை அடியில் விட்டவன், அப்படியே விட்டுவிட்டான்.

அத்தை சுவரோரமிருந்த நீளப் பெஞ்சில், காத்திருக்கும் வாடிக்கையாளர்போல், கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்தார்.

பவுடர் முகத்தைப் பெரிதாக்கினார். முகம் போய்க் கண்கள் மட்டும் நின்றன. பிறகு ஒரு கண் மட்டும். பிறகு வெறும் தோல். துளைகளும் மென்மயிர்களும் உள்ள, யாருடையதாகவும் இருக்கக்கூடிய தோல். கணினியோடு இணைத்த பேனாவை எடுத்து அதன்மேல் தடவினார். மெல்லிய கறுப்புப் படர்ந்தது. மறுகண்ணுக்கும் அப்படியே. படத்தைச் சிறிதாக்கினார்.

"குத்து வாங்குன மாதிரி இருக்கு," என்றார் அத்தை பெஞ்சிலிருந்து. "இதை வச்சீங்கன்னா மாப்பிள்ளையைத்தான் பிடிச்சு உள்ள போடுவாங்க."

பவுடருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கலாமா என்று அவனைப் பார்த்தார். அவன் மூக்கிலிருந்து ஏதோ காற்று வந்தது. அது சிரிப்பாகவும் இருக்கலாம்.

அழித்தார். மறுபடியும் போட்டார். இந்த முறை மை கரைந்ததுபோல் வந்தது. அதற்கடுத்த முறை, கரி அடுப்பில் வேலை செய்துவிட்டு முகம் கழுவாமல் வந்தவள்போல்.

"கலர் சொல்லுங்க சார்," என்றார் பவுடர். "என்ன கலர் அது?"

"கறுப்பு."

"மூஞ்சில கறுப்புன்னு ஒரு கலரே கிடையாது சார். டாக்டரம்மா சொல்வாங்க. ஒண்ணு பிரவுனா இருக்கும், இல்ல நீலமா இருக்கும், இல்ல பச்சையே இருக்கும். எது?"

தண்ணீர் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் அவனுக்கு வேலை. இரண்டு கண்ணாடிக் குழாய்களை வெளிச்சத்துக்குப் பிடித்து, ஒன்று மற்றொன்றைவிட எத்தனை கலங்கல் என்று சொல்ல வேண்டும். எந்திரம் பழுதான நாட்களில் அவன் கண்ணைத்தான் நம்புவார்கள். நான்கு ஆண்டுகள் காலையில் எழுந்ததும் முதலில் பார்த்த முகம். அவன் கண்ணை மூடினான். ஆஸ்பத்திரிக் கூரையின் நீள விளக்கு தெரிந்தது. கட்டில் கம்பியில் தொங்கிய அட்டை தெரிந்தது. அவள் புறங்கையில் ஊசியைப் பிடித்திருந்த பிளாஸ்திரி, அதன் ஓரத்தில் ஒட்டிக்கொண்ட ஒரு நூல்கூடத் தெரிந்தது. முகம் வரவில்லை.

"தெரியல," என்றான்.

"எங்க ஆரம்பிக்கும்? மூக்கோரத்துலயா? இல்ல, வெளிப்பக்கமா?"

"தெரியல."

"எவ்ளோ தூரம் இறங்கும்?"

பவுடர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் போன் செய்தான். வண்டி ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பிவிட்டது. போக்குவரத்து நெரிசலில் ஒரு மணி நேரம் ஆகலாம். "இருக்குறதை எடுத்துட்டு வாடா," என்றான். "யாரு கண்ணுக்குக் கீழ பாக்கப் போறாங்க?"

"அவரு சொல்றதுல என்ன தப்பு?" என்றார் அத்தை. போனில் பேசியது அவருக்கும் கேட்டிருந்தது. எழுந்து நின்றார். "கிளம்பலாம் மாப்பிள்ளை. இந்தத் தம்பியும் பாவம் எவ்ளோதான் பண்ணுவாரு? வீட்ல வச்சிருந்தது நல்லா இருந்துச்சு. அது போதும்."

"அத்தை, அத வச்சா நாளைக்கு அது யாருன்னு எனக்குத் தெரியாது."

இவ்வளவு நீளமாக அவன் நேற்றிலிருந்து பேசியதில்லை. அத்தை நின்ற இடத்திலேயே நின்றார்.

"நீங்க எதுக்குக் கண்ணுக்குக் கீழ இருந்தது வேண்டாம்ங்கிறீங்க?" என்றான். கோபமாகக் கேட்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் கேட்கும் குரலில் கேட்டான்.

அத்தை மறுபடியும் உட்கார்ந்தார். கைப்பையின் வாரை விரலில் சுற்றினார், பிரித்தார்.

"நான் டெலிபோன் ஆபீஸ்ல இருந்தேன்ல. ராத்திரி ஷிப்ட். ஹெட்செட்ட மாட்டிக்கிட்டு விடிய விடிய உக்காந்திருக்கணும். கண்ணுக்குக் கீழ என்ன, இப்படி கறுத்துக் கிடக்குன்னு யார் கேட்டாலும், நைட் டியூட்டின்னு சொல்லிருவேன். நானும் அப்படித்தான் நம்புனேன். வேலைய விட்டா போயிடும்னு." ஒருமுறை இருமினார். "இவ பொறந்தா. கண்ணத் தொறந்தா. இவளுக்கும் இருக்கு. பாக்க வந்தவங்க எல்லாம், என்ன, குழந்த தூங்குறதே இல்லையான்னு கேக்குறாங்க. பொறந்த குழந்த எந்த டியூட்டி பாத்துச்சு?"

பவுடர் நாற்காலியை மெல்லத் திருப்பிக்கொண்டார்.

"ஸ்கூல்ல ஆந்தைன்னு கூப்பிடுவாங்க. அழுதுட்டு வருவா. வெள்ளரிக்கா வச்சேன், உருளைக்கிழங்கு அரைச்சு வச்சேன். நான் காய்கறி சமைச்சத விட அவ மூஞ்சில வச்சதுதான் ஜாஸ்தி. ஒண்ணும் அசையல. ஒரு நாள் கண்ணாடி முன்னாடி நின்னுட்டு, அம்மா, அப்பா மாதிரி பொறந்திருக்கலாம்லனு கேட்டா. சின்னப் பொண்ணு, தெரியாம கேட்டா. அப்புறம் பாத்தா இந்த வேலைக்கே வந்து சேந்தா. ஊருக்கெல்லாம் எடுத்து விடுறா." படத்தின் பக்கம் கையைக் காட்டினார். "காலையில அதைப் பாத்தேன். சரி, கடைசியிலயாவது விட்டுப் போச்சேன்னு இருந்துச்சு. அவ்ளோதான். வேற ஒண்ணும் இல்ல."

வெளியே ஒரு லாரி பின்னால் வந்து நின்றது. அதன் எச்சரிக்கை மணி நிற்கும்வரை மூவரும் காத்திருந்தார்கள்.

"அம்மா, ஒண்ணு சொல்லவா?" என்றார் பவுடர். "அவங்க யாருக்கும் முழுசா எடுக்க மாட்டாங்க. அதான் எனக்கும் அவங்களுக்கும் எந்நேரமும் வாய்த்தகராறு. கல்யாணப் பொண்ணுங்க வந்து நின்னுட்டு, இன்னும் எடுங்க, இன்னும் எடுங்கன்னு உயிர எடுக்கும். இவங்க பாதிக்கு மேல போக மாட்டாங்க. முழுசா எடுத்தா கண்ணு ரெண்டும் சட்டைப் பொத்தான் மாதிரி தனியா நிக்கும்பாங்க. அப்பவும் கேக்கலன்னா ஒண்ணு சொல்வாங்க. அதுக்கப்புறம் யாரும் வாயத் தொறக்க மாட்டாங்க."

"என்ன சொல்வா?"

பவுடர் தயங்கினார். "இதுக்கு மேல எடுத்தா உங்க அம்மாவுக்கே அடையாளம் தெரியாது, பரவால்லையான்னு கேப்பாங்க."

அத்தை கைப்பையைப் பெஞ்சில் வைத்தார். எழுந்து வந்து கணினியின் அருகில் நின்றார்.

"முன்ன இருந்ததைக் காட்டுங்க."

பவுடர் தான் பூசியதையெல்லாம் நீக்கினார். காலையில் சட்டத்தில் வந்த அதே முகம் திரை முழுவதும் வந்து நின்றது. பளிச்சென்று இருந்தது. அத்தை அதைப் பக்கத்தில் பார்த்தார். இரண்டடி தள்ளிப் போய்ப் பார்த்தார். இன்னும் பின்னால் போனார்; பின்னணித் துணி மாட்டியிருந்த கம்பியில் முதுகு இடித்தது. அங்கே நின்று பார்த்தார். தலையை ஒரு பக்கம் சாய்த்தார். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புமா என்று பார்ப்பவர்போல் உதடு ஒருமுறை அசைந்தது. சத்தம் வரவில்லை.

"மூக்கோரத்துல இருந்து ஆரம்பிக்கும்," என்றார். "வெளிப்பக்கம் வராது."

பவுடர் பேனாவை எடுத்தார். "எவ்ளோ தூரம்மா?"

"பாதி வரைக்கும். அதுக்கப்புறம் தானா கரைஞ்சுடும். இல்ல, அவ்ளோ கீழ இறங்காது. மேல. இன்னும் மேல."

"கலரு?"

அத்தை யோசித்தார். கையை விரித்தார். "அத எப்படி வாயால சொல்றது?"

பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். பக்கத்திலிருந்த மருமகன் கையில் கொடுத்தார். கணினிப் பக்கம் முகத்தைக் காட்டினார்.

"எனக்கு வயசாயிடுச்சு. சுருக்கத்த விட்டுருங்க. நிழலை மட்டும் பாருங்க."

பவுடர் எழுந்து அவரை ஸ்டூலில் உட்கார வைத்தார். படம் எடுத்த அதே விளக்கை இழுத்து வந்து, அதே இடப்பக்கத்தில், அதே உயரத்தில் நிறுத்தினார். "மோவாயக் கொஞ்சம் தூக்குங்கம்மா. போதும். மூஞ்சிய லைட் பக்கம். அப்படியே." வாடிக்கையாளர்களிடம் பேசும் குரல் அவருக்குத் திரும்பியிருந்தது. பொத்தானை அழுத்தினார்.

வெளிச்சம் விழுந்தது.

அத்தையைக் கண்ணாடி இல்லாமல் அவன் பார்த்ததே இல்லை. ஆண்டுக்கு ஓரிரு முறை வருவார், போவார். கண்ணாடியோடு வருவார், கண்ணாடியோடு போவார். இப்போது தோல் தளர்ந்திருந்தது. கடைக்கண்ணில் கோடுகள் விரிந்திருந்தன. அவற்றுக்கு நடுவே, மூக்கின் ஓரத்தில் தொடங்கி, கண்ணின் பாதி வரை வந்து, நீரில் விட்ட துளிபோல் கரைந்து போயிற்று அது. கறுப்பு இல்லை. பழுப்பு. மூக்கை ஒட்டிய மூலையில் மட்டும், அடியில் கொஞ்சம் நீலம்.

அவன் தாழ்ந்த நாற்காலியைப் பவுடருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"மூலையில நீலம்," என்றான்.

பவுடர் திரும்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் இருந்த முகத்தைப் பார்த்தார். "ஆமா சார்," என்றார். நீலம் எடுத்தார்.

"ஜாஸ்தி. குறைங்க. அதுக்கு மேல பழுப்பு. இன்னும். இல்ல, ஒரு பங்கு குறைங்க."

அவன் அத்தையைப் பார்த்தான். திரையைப் பார்த்தான். அத்தையைப் பார்த்தான். குழாய்களை அப்படித்தான் பார்ப்பான். ஒன்றை மனதில் பிடித்துக்கொண்டு மற்றொன்றுக்குப் போக வேண்டும், இடையில் எதையும் நினைக்கக் கூடாது. பவுடரின் கை சின்னச் சின்னதாக நகர்ந்தது. ஒவ்வொரு முறையும் படத்தைச் சிறிதாக்கிக் காட்டினார். ஒவ்வொரு முறையும் அது வேறு யாரோவாக இருந்தது. அவளுடைய சித்தி. அவளுடைய தங்கை, அப்படி ஒருத்தி இல்லை, இருந்தால் இப்படி இருந்திருப்பாள். பிறகு, காய்ச்சலுக்கு முன்பு ஒரு வாரம் இரவும் பகலும் வேலை பார்த்தாளே, அப்போதைய அவள். நெருங்கிவிட்டது. அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"இப்ப ரெண்டையும் சேத்து, கொஞ்சமா, ரொம்பக் கொஞ்சமா குறைங்க."

பவுடர் விரலால் குறைத்துக்கொண்டே வந்தார்.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. அவன் எடுக்கவில்லை. அது நின்றது. மறுபடியும் அதிர்ந்தது.

திரையில் அவன் மனைவி அவனைப் பார்த்தாள். புதிதாக வந்த விளக்கு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக உட்கார்ந்தவள். சீக்கிரம் எடுங்கள், வேலை கிடக்கிறது என்ற பார்வை.

"போதும்," என்றான்.

பவுடர் உடனே கையை எடுத்துவிட்டார். அந்தப் படத்தை வேறு பெயரில் சேமித்தார். இன்னொரு பெயரில் மறுபடியும் சேமித்தார். சட்டைக் கையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அச்சு எந்திரத்தை இயக்கப் போனார். அது சூடாகும் ஓசை எழுந்தது.

விளக்கை யாரும் அணைக்கவில்லை.

"வந்துட்டாளா?" என்று அத்தை கேட்டார்.

அவன் தலையசைத்தான். கண்ணாடி அவன் கையில் இருந்தது. அந்த வெளிச்சத்தில் அவன் தலையசைத்தது அவருக்குத் தெரிந்திருக்காது. மோவாயை உயர்த்தியபடி, விளக்கைப் பார்த்து, இமைக்காமல் அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.